ஒரே கரையில் இரண்டு ஆய்வுகள்

கனடாவின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது வான்கூவர் தீவு. அதன் நடுப்பகுதியில், கடல் நீளமாக உள்ளே புகுந்து வந்து முடிகிற இடத்தில், போர்ட் ஆல்பெர்னி என்ற ஊர். சால்மன் மீன் நிறைந்த ஆறு, மர ஆலைகள், நாலா பக்கமும் மலை. 1973 வரை அந்த ஊரில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்று நடந்தது. பணம் அரசுடையது, நிர்வாகம் தேவாலயத்துடையது. 1940களின் கடைசியில் அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பால் 8 அவுன்ஸ். நம் கணக்கில் கால் லிட்டருக்கும் கொஞ்சம் குறைவு. வளரும் பிள்ளைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும் என்று அரசின் ஊட்டச்சத்துப் பிரிவே பரிந்துரை செய்திருந்தது. தெரிந்தும் இரண்டு ஆண்டுகள் அந்த 8 அவுன்ஸை அப்படியே வைத்திருந்தார்கள். குறைவாகக் குடிக்கும் உடம்பு எப்படி இருக்கும் என்று முதலில் அளந்துகொள்ள வேண்டும். பிறகு 24 அவுன்ஸாக உயர்த்தி, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான்.

பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை.

அந்தத் தீவின் மேற்குக் கரை நூ-சா-நுல்த் என்ற பூர்வகுடி மக்களுடையது. போர்ட் ஆல்பெர்னி அவர்களில் ஒரு பிரிவினரான செஷாட் மக்களின் மண். பள்ளிக்கு வேறு கரைகளிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுவரப்பட்டார்கள் என்றாலும், அது நின்ற இடம் இவர்களுடையது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் கழித்து, 1982-க்கும் 1985-க்கும் இடையில், இதே நூ-சா-நுல்த் மக்களில் 883 பேரிடம் ஒரு மரபணு ஆய்வாளர் ரத்தம் எடுத்தார். இந்த முறை கேட்டுத்தான் எடுத்தார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். அப்படியிருந்தும் அந்த ரத்தம் அவர்கள் சம்மதிக்காத இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதியவர்கள் நிறைய. ஒன்றை இனவெறிக் காலத்துக் கொடுமை என்பார்கள், மற்றதை விதிமுறைகள் சரியாக இல்லாத காலத்து நெறிமீறல் என்பார்கள். எனக்கு இவை இரண்டும் ஒரே பழக்கமாகத் தெரிகின்றன. அரசின் பொறுப்பில் இருக்கும் ஒரு மக்கள்கூட்டத்தின் பசியும் நோயும் ரத்தமும், அதைப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பவருக்கே சொந்தம் என்று நினைக்கும் பழக்கம் அது. நான் இதைப் பற்றி எழுதக் காரணம் என் வேலை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில், நோயாளிகளிடமிருந்து வரும் ரத்த மாதிரிகளை வாங்கி, எண் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் அடுக்கி, யார் எதை எப்போது எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பதிவு செய்கிறேன். பதிவேடு என் மேசையில்தான் இருக்கிறது.

முதலில் பாலுக்கு வருகிறேன். கதை ஆல்பெர்னியில் தொடங்கவில்லை. 1942-இல் வட மானிடோபாவில், நார்வே ஹவுஸ் முதலிய கிரீ மக்களின் ஊர்களுக்கு ஒரு மருத்துவக் குழு போனது. குழுவில் இந்தியர் விவகாரத் துறையின் (பூர்வகுடிகளைத்தான் அன்றைய அரசு ‘இந்தியர்’ என்றது) மருத்துவத் தலைவர் பெர்சி மூர் இருந்தார். டொராண்டோவின் புகழ்பெற்ற குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டிஸ்டாலும் இருந்தார். குழந்தைகளுக்கான பாப்லம் என்ற சத்துமாவை உருவாக்கியவர்களில் ஒருவர் இந்த டிஸ்டால். குழந்தைகளின் சாப்பாட்டைப் பற்றி அன்றைக்கு அவரை விட அதிகம் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் சிலர்தான் இருந்திருப்பார்கள்.

அவர்கள் பார்த்தது பசி. மென்ரோமத் தோல் வியாபாரம் படுத்துவிட்டது, வேட்டையும் குறைந்துவிட்டது. கடையில் கிடைக்கும் வெள்ளை மைதாவும் பன்றிக் கொழுப்பும் சர்க்கரையும்தான் சாப்பாடு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,470 கலோரி கிடைத்தது என்று கணக்கிட்டார்கள். பனியில் நடந்து பொறி வைத்து விறகு வெட்டும் உடம்புக்கு அது எந்த மூலைக்கு? குழு எழுதிய அறிக்கை 1946-இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. இந்த இனத்தின் பிறவிக் குணங்கள் என்று இவ்வளவு காலம் சொல்லிவந்த சோம்பலும் முன்யோசனையின்மையும் உண்மையில் சத்துக்குறைவின் விளைவாக இருக்கலாம் என்று அதில் எழுதினார்கள். அந்தக் காலத்துக்கு அது முற்போக்கான கருத்து. ‘இவர்கள் சோம்பேறிகள்’ என்பதை மறுத்து ‘இவர்கள் பசியில் இருக்கிறார்கள்’ என்று மருத்துவர்களே சொல்லிவிட்டார்கள்.

சரி, பசி என்று தெரிந்தபின் என்ன செய்தார்கள்? சத்துக்குறைவில் இருந்த சுமார் 300 பேரில் 125 பேருக்கு மட்டும் வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர்கள் அப்படியே விடப்பட்டார்கள். ரிபோஃபிளேவின், தயமின், வைட்டமின் சி என்று மாத்திரைகள் வந்தன. சாப்பாடு வரவில்லை.

இந்த இடத்தில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். மருத்துவ ஆய்வில் ஒப்பீட்டுக் குழு வைப்பது அடிப்படை. எந்த மருந்து வேலை செய்கிறது என்று தெரியாதபோது, அதைக் கண்டுபிடிக்க வேறு நேர்மையான வழி இல்லை. ஆனால் பசிக்குச் சாப்பாடு வேலை செய்யுமா என்பது யாருக்கும் சந்தேகமான விஷயம் இல்லை. கேள்வியே இல்லாத இடத்தில் ஒரு கேள்வியை உருவாக்கினார்கள். அங்கே ஒரு கூட்டம் சத்துக்குறைவோடு, போக வழியில்லாமல், அரசின் கட்டுப்பாட்டில் ஒரே இடத்தில் இருந்தது. ஆய்வாளருக்கு அது வாய்ப்பாகத் தெரிந்தது.

டிஸ்டால், மூர் இருவரோடும் சேர்ந்து இந்த வழியில் நடந்தவர் லயனல் பெட். மத்திய அரசின் ஊட்டச்சத்துப் பிரிவின் தலைவர். உறைவிடப் பள்ளிகளின் சாப்பாடு மோசம் என்று அவருடைய பிரிவே ஆய்வு செய்து கண்டுபிடித்தது. பள்ளிகளுக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த பணத்தில் சத்தான சாப்பாடு போட முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். 1948 முதல் 1952 வரை பெட் ஆறு பள்ளிகளில் ஐந்தாண்டு ஆய்வு நடத்தினார். ஏறக்குறைய 1,000 பிள்ளைகள்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சோதனை. ஆல்பெர்னிக்குப் பால். நோவா ஸ்கோஷியாவின் ஷூபெனகாடி பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு வைட்டமின் சி மாத்திரை, மீதிப் பேருக்கு அதே போலத் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. ஆல்பெர்ட்டாவின் ஒரு பள்ளியில் தயமின் குறைவான சாப்பாட்டிலேயே வைத்திருந்துவிட்டு, பிறகு வைட்டமின் பி சேர்த்த மாவு கொடுத்தார்கள். ஒண்டாரியோவில் கெனோரா ஊருக்குப் பக்கத்தில் இருந்த செயின்ட் மேரிஸ் பள்ளிக்கு வந்தது எலும்புத்தூள் கலந்த ‘நியூஃபவுண்ட்லாந்து மாவு’. உணவுக் கலப்படச் சட்டப்படி நியூஃபவுண்ட்லாந்துக்கு வெளியே அந்த மாவை விற்கவே கூடாது. கடையில் விற்க முடியாததைப் பள்ளியில் போட்டார்கள். பிள்ளைகளின் ரத்தசோகை குறையவில்லை, கூடியது. இன்னொரு ஆல்பெர்ட்டா பள்ளிக்கு ஒன்றுமே இல்லை. ஒப்பிட ஒரு பள்ளி வேண்டும் என்பதால் அங்கே மோசமான சாப்பாட்டை ஐந்தாண்டும் மாற்றாமல் விட்டார்கள்.

அப்புறம் பல். சத்துக்குறைவை அளக்க ஈறும் சொத்தைப் பல்லும் நல்ல அடையாளம். ஈறு எவ்வளவு வீங்குகிறது, பல் எவ்வளவு சொத்தையாகிறது என்று பார்த்தால் உடம்பில் எது குறைகிறது என்று தெரியும். பல் மருத்துவர் வந்து சுத்தம் செய்து ஃபுளோரைடு பூசிவிட்டால் அந்த அளவீடு கெட்டுவிடும். ஆகவே ஆய்வு நடக்கும் பள்ளிகளில் அந்தத் தடுப்புச் சிகிச்சைகளைச் செய்யவேண்டாம் என்று எழுத்திலேயே கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கடிதம் 1949-இல் எழுதப்பட்டது. மனிதர்கள் மீதான ஆய்வுக்கு முதல் நிபந்தனை அவர்களுடைய சம்மதம் என்று, நாஜி மருத்துவர்கள் மீதான நியூரம்பெர்க் தீர்ப்பு சொன்னது 1947-இல்.

‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்’ என்ற பதிலை இந்த விஷயத்தில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. பல் மருத்துவரை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் எழுதினால், பல் மருத்துவர் வந்தால் பிள்ளைக்கு நல்லது நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தது என்று அதை எப்படிச் சொல்வது?

அன்றைய சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1920-இல் வந்த திருத்தத்தின்படி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கட்டாயம். அனுப்ப மறுத்தால் தண்டனை. 1927-இல் இன்னொரு திருத்தம். பூர்வகுடி மக்கள் தங்கள் உரிமைக்காக வழக்கு நடத்த அரசின் அனுமதி இல்லாமல் யாரும் பணம் திரட்டக்கூடாது என்றது. 1951 வரை அது அமலில் இருந்தது. ஆய்வுகள் நடந்த 1942 முதல் 1952 வரையிலான காலத்தோடு வைத்துப் பாருங்கள். ஆல்பெர்னியில் ஒரு தகப்பனுக்கு இந்தப் பால் கணக்கு தெரிந்திருந்தால்கூட, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்திருக்க முடியாது, ஊரில் பணம் திரட்டி வக்கீல் வைத்திருக்கவும் முடியாது. அந்த மக்களின் சாப்பாட்டில் பால் எப்போதும் இருந்ததில்லை. சால்மன், ஹாலிபட், கடற்பாசியில் ஒட்டிக் காயவைத்த ஹெர்ரிங் முட்டை, கிளிஞ்சல், காட்டுப் பழங்கள் என்று கடலும் காடும் ஊட்டிய உணவு அது. அதிலிருந்து பிள்ளையைப் பிரித்துக் கொண்டுவந்து, வேறொரு உணவைக் குறைத்துக் கொடுத்து, குறைவின் அளவைக் குறித்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் பரவலாகத் தெரியவந்தது 2013-இல். இயன் மோஸ்பி என்ற இளம் வரலாற்றாய்வாளர் இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுக் கொள்கையைத் தேடிக்கொண்டிருந்தபோது அரசுக் கோப்புகளில் இது கிடைத்தது. அவர் எழுதிய கட்டுரை செய்தியாகி நாடே பேசியது. பள்ளியில் படித்தவர்களுக்குப் பசி புதிய செய்தி இல்லை. அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பசிக்கு ஒரு கோப்பு எண் இருந்தது என்பதுதான் புதிது. 2023-இல் செஷாட் மக்கள் ஆல்பெர்னி பள்ளி தொடர்பாகத் தாங்களே நடத்திய விசாரணையின் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிக் காலத்தில் இறந்த 67 பிள்ளைகளை ஆவணங்களிலிருந்து அடையாளம் கண்டிருந்தார்கள். நிலத்தை ஊடுருவும் ரேடார், புதைகுழிகளாக இருக்கக்கூடிய 17 இடங்களைக் காட்டியிருந்தது.

எனக்கு இந்தக் கதை வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தி மகள் டொராண்டோவில் செவிலியர் படிப்பு படித்தாள். மருத்துவ, செவிலியர் கல்லூரிகளில் உறைவிடப் பள்ளிகளின் வரலாற்றைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது, அந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் முன்வைத்த 94 கோரிக்கைகளில் 24-ஆவது. அந்தப் பாடம் நடந்த வாரத்தில் ஒருநாள் இரவு போன் செய்தாள். “அக்கா, நீங்க லேப்லதானே இருக்கீங்க, இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்களா?” என்றாள். இல்லை என்றேன். “எங்க வார்டுல ஒரு பூர்வகுடிப் பாட்டி ரத்தம் எடுக்கவே விடமாட்டாங்க. பிடிவாதம்னு நினைச்சுட்டு இருந்தேன்க்கா” என்றாள். எங்களுக்கும் ஆய்வு நெறிமுறை வகுப்பு உண்டு. அதில் நியூரம்பெர்க் உண்டு, அமெரிக்கக் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் பார்த்துக்கொண்டிருந்த டஸ்கிகீ ஆய்வு உண்டு. உறைவிடப் பள்ளிகள் இல்லை.

அந்த வகுப்புகளில் இல்லாத இன்னொன்று பி.சி.ஜி. தடுப்பூசியின் பழைய கதை. நம்மில் பெரும்பாலோருக்கு இடது தோளில் அந்தத் தழும்பு இருக்கிறது. பிறந்த குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோய் வராமல் காக்கும் ஊசி. நல்ல ஊசி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை முறையாகச் சோதித்த ஆரம்ப ஆய்வுகளில் ஒன்று 1933-இல் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், குவாப்பெல் பகுதிப் பூர்வகுடிக் குழந்தைகளிடம் நடந்தது. நடத்தியவர் ஆர்.ஜி. ஃபெர்குசன். ஊசி போட்ட 306 குழந்தைகளில் 6 பேருக்குக் காசநோய் வந்தது, 2 பேர் இறந்தார்கள். போடாத 303 பேரில் 29 பேருக்கு வந்தது, 9 பேர் இறந்தார்கள். ஊசி வேலை செய்தது என்பது தெளிவு. ஆனால் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை வேறு நோயில் செத்துப்போனது. நிமோனியா, வயிற்றுப்போக்கு. வறுமையின் நோய்கள். ஆய்வுக்கு அந்த மரணங்கள் தேவைப்படவில்லை, ஏனென்றால் அவை காசநோய் மரணங்கள் அல்ல.

காசநோயை எப்படிக் குறைப்பது என்பதும் அப்போது தெரியாத விஷயம் இல்லை. இந்தியர் விவகாரத் துறையின் தலைமை மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907-லேயே மேற்குக் கனடாவின் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிவிட்டார். நெரிசலான படுக்கை அறை, மூடிய ஜன்னல், நோயுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒன்றாக. 15 பள்ளிகளில் சேர்ந்த 1,537 பிள்ளைகளில் நூற்றுக்கு 24 பேர் இறந்திருந்தார்கள். ஃபைல் ஹில்ஸ் என்ற பள்ளியில் நூற்றுக்கு 69 பேர். காற்றும் இடமும் சாப்பாடும் மருத்துவக் கண்காணிப்பும் கொடுங்கள் என்றார் பிரைஸ். செலவாகும் என்று அரசு விட்டுவிட்டது. அவரையும் ஓரங்கட்டினார்கள். ஃபைல் ஹில்ஸ் இருப்பதும் அதே குவாப்பெல் வட்டாரத்தில்தான். கேட்ட காற்றும் சாப்பாடும் வராத இடத்துக்கு 26 ஆண்டுகள் கழித்து ஆய்வு வந்தது.

இனி ரத்தம். நூ-சா-நுல்த் மக்களிடம் முடக்குவாதம் வழக்கத்தைவிட அதிகம். முடக்குவாதம் என்றால் வயதானால் வரும் முட்டி வலி என்று சிலர் நினைப்பதுண்டு. அது வேறு. எங்கள் கூடத்துக்கு ரத்தம் கொடுக்க வருபவர்களில் இந்த நோய்க்காரர்கள் பலர். முப்பது வயதுப் பெண்கள்கூட உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது. சேலைக் கொசுவத்தைப் பிடித்துச் செருக முடியாது, பால் பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவை ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுதுவார்கள். ஏன் தங்களுக்கு, தங்கள் அம்மாவுக்கு, தங்கள் அக்காவுக்கு என்று ஒரு பதில் கிடைக்குமென்றால் கையை நீட்டத் தயங்க மாட்டார்கள். மீன்பிடிக்கும் கரையில் வலை இழுக்கும் விரல்களுக்கு இது வந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 883 பேர் அதனால்தான் கையை நீட்டினார்கள்.

ஆய்வாளர் ரிக் வார்ட் அப்போது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்தார். மத்திய சுகாதாரத் துறை 3,30,000 டாலர் கொடுத்தது. முடக்குவாதத்துக்குக் காரணமான மரபணுக் குறியைத் தேடினார். அவர் தேடியது கிடைக்கவில்லை. ஆய்வில் அது சகஜம். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. 1986-இல் அவர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். ரத்தமும் போனது. 1990களில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். ரத்தமும் கூடவே போனது.

ரத்த மாதிரி என்றால் என்ன என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் வரும். அதைச் சுழற்றிப் பிரித்து, வெள்ளணுக்களிலிருந்து டிஎன்ஏவை எடுத்து, சுண்டுவிரல் நுனியளவு குப்பியில் போட்டு உறையவைத்தால் பல ஆண்டுகள் கெடாது. ஒரு துளியிலிருந்து பிரதி எடுத்துப் பெருக்கிக்கொண்டே போகலாம். கொடுத்தவர் இறந்தபின்னும் அது இருக்கும். குப்பியின் மேல் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஃப்ரீசரைத் திறந்தால் அத்தனை குப்பியும் ஒரே மாதிரிதான் தெரியும். முடக்குவாதத்துக்கு என்று கொடுத்த குப்பிக்கும் எதற்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கொடுத்த குப்பிக்கும் பார்வைக்கு வேறுபாடு கிடையாது. வேறுபாடு பதிவேட்டில் மட்டும்தான்.

நூ-சா-நுல்த் மக்களின் குப்பிகள் மைட்டோகாண்ட்ரியா ஆய்வுக்குப் போயின. தாய்வழியில் மட்டும் கடத்தப்படும் டிஎன்ஏ அது. அதை வைத்து வம்சாவழிகளைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். 1991-இல் வார்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை 63 பேரில் 28 தாய்வழி வரிசைகள் இருப்பதாகக் காட்டியது. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர்கள் எப்போது, எத்தனை வம்சாவழிகளாக வந்தார்கள் என்ற பெரிய விவாதத்தில் அது முக்கியமான சான்று. அறிவியலாகப் பார்த்தால் நல்ல வேலை. ஆனால் அந்த மக்களுக்குத் தங்கள் தோற்றம் பற்றித் தங்கள் கதைகள் உண்டு. ஆதியிலிருந்தே இந்தக் கரையில் இருப்பவர்கள் நாங்கள் என்பது அவர்கள் நம்பிக்கை, நில உரிமைப் பேச்சுவார்த்தைகளில் அவர்கள் நிற்கும் இடமும் அதுதான். நீங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் என்று சொல்லும் ஆய்வுக்கு ரத்தம் தருவீர்களா என்று கேட்டிருந்தால் அவர்கள் யோசித்திருப்பார்கள், மறுத்திருக்கலாம், சிலர் ஒத்துக்கொண்டும் இருக்கலாம். யாரும் கேட்கவில்லை. மற்ற ஆய்வாளர்களுக்கும் மாதிரிகள் பகிரப்பட்டன. விரல் மடங்காதவர்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை.

வார்ட் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. மரபணு ஆய்வாளர்களிடையே மாதிரியைப் பகிர்ந்துகொள்வது அப்போது பெருந்தன்மையாகவே கருதப்பட்டது. ஆனால் சொந்தமில்லாத பொருளில் என்ன பெருந்தன்மை? லயனல் பெட்டுக்கும் வார்டுக்கும் நடுவில் நிறைய மாறியிருந்தது. சம்மதம் கேட்கும் வழக்கம் வந்துவிட்டது, அறநெறிக் குழுக்கள் வந்துவிட்டன. மாறாதது ஒன்று: எடுத்தபின் அது யாருடையது என்ற கேள்வியை யாரும் எழுப்பவே இல்லை.

எழுப்பியது நூ-சா-நுல்த் மக்கள்தான். 1974 முதல் அவர்களே நடத்திவரும் ஹா-ஷில்த்-சா பத்திரிகையில் 2000-இல் இது செய்தியாக வந்தது. ரத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். 2003-இல் வார்ட் இறந்தார். 2004 டிசம்பரில் மாதிரிகள் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. அவர்களின் பழங்குடி மன்றம் தனக்கென்று ஆய்வு அறநெறிக் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் கரையில் ஆய்வு செய்ய வருபவர் அவர்களிடம்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். கனடாவின் மற்ற பூர்வகுடிகள் 1998-லேயே நான்கு உரிமைகளை வகுத்திருந்தார்கள். தங்களைப் பற்றிய தகவல் தங்களுக்கே சொந்தம், அதன் மீதான கட்டுப்பாடு தங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், அது தங்கள் கையிலேயே இருக்க வேண்டும். 2006-இல் லாரா ஆர்பரும் டோரிஸ் குக்கும் ‘கடனாக வாங்கிய டிஎன்ஏ’ என்ற யோசனையை எழுதினார்கள். ஆய்வாளர் வாங்குவது கடன், கொடுத்தவருக்கே அது சொந்தம், வேறு வேலைக்கு வேண்டுமென்றால் திரும்ப வந்து கேட்க வேண்டும். 2007-இல் கனடாவின் சுகாதார ஆய்வு நிதி அமைப்பு தன் வழிகாட்டலில் இதைச் சேர்த்துக்கொண்டது. கண்ணியமான விதிகளை உருவாக்கியது ஆய்வு உலகம் இல்லை, ஏமாற்றப்பட்டவர்கள். இதை நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. நீரிழிவுக்கு என்று 1990களில் கொடுத்த ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும் இடம்பெயர்வு ஆய்வுக்கும் போயிருந்தது. 2010-இல் அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7,00,000 டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது.

நம் பக்கம் என்ன என்று கேட்பீர்கள். 2009-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், ஆதிவாசிச் சிறுமிகள் நிறைய இருந்த பகுதிகளில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. பாத் என்ற அமெரிக்க அமைப்பும் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து நடத்தியது. ஊசி நல்ல ஊசி. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் சிலர் பிறகு இறந்தார்கள், அதற்கு ஊசிதான் காரணம் என்று நிறுவப்படவும் இல்லை. ஆனால் சம்மதப் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அம்மா அப்பா காட்டில் வேலையில் இருக்க, விடுதியில் இருக்கும் பிள்ளையின் உடம்புக்குக் காப்பாளர் சம்மதம் கொடுக்கிறார். ஆல்பெர்னியில் அந்தக் கையெழுத்துகூடத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. 2017-இல் வந்த நம் தேசிய வழிகாட்டல், பழங்குடி மக்களிடம் ஆய்வு செய்வதற்குத் தனி நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆய்வால் அவர்களுக்குப் பலன் இருக்க வேண்டும், ஊர்ப் பெரியவர்களோடும் அவர்கள் மொழி தெரிந்தவர்களோடும் கலந்து சம்மதம் பெற வேண்டும். நல்ல நிபந்தனைகள். எடுத்த ரத்தத்தின் பதிவேட்டில் அவர்களுக்கு இடம் கொடுப்பது அடுத்த படி.

2024 செப்டம்பரில் கனடிய மருத்துவச் சங்கம் விக்டோரியா நகரில் பூர்வகுடி மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. விக்டோரியாவும் வான்கூவர் தீவில்தான் இருக்கிறது. நார்வே ஹவுஸ் ஆய்வை 1946-இல் அச்சிட்டதும் அந்தச் சங்கத்தின் இதழ்தான். வரவேற்கிறேன். அதோடு மற்ற நாட்டு ஆய்வுக்கூடங்களும் தங்கள் ஃப்ரீசர்களைத் திறந்து பார்த்து, பழங்குடிகளிடமிருந்து எடுத்தவை என்னென்ன, யாரிடமிருந்து, எதற்காக என்று பட்டியல் போட்டு அவர்களுக்கே அனுப்ப வேண்டும் என்று விரும்புகிறேன். கேட்டால் கொடுப்போம் என்பது போதாது. அங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

எங்கள் கூடத்தின் சம்மதப் படிவத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. மீதமாகும் மாதிரியை எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாமா, ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ‘ஆம்’ என்று குறித்தால் எந்த ஆய்வுக்கும் போகலாம். மூன்றாவதாக ஒரு கட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும்.’ பக்கத்திலேயே போன் எண்ணுக்கு ஓர் இடம், ஆய்வின் முடிவை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஓர் இடம். எண் மாறிவிடும், ஆள் கிடைக்க மாட்டார், வேலை இரட்டிப்பாகும் என்கிறார்கள். இரட்டிப்பாகும்தான். ஆள் கிடைக்காவிட்டால் அந்தக் குப்பியைத் தொடாமல் இருக்கலாம் என்பது என் பதில். அறநெறிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இது வருகிறது. அதற்காக, முதலில் சொன்ன நோக்கத்தைத் தாண்டி இதுவரை வேறு ஆய்வுகளுக்குப் போன மாதிரிகள் எவை என்று பதிவேட்டிலிருந்து பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.